அலைனர் அட்டாச்மென்ட்டுக்கு எந்தக் காம்போசிட்: ஒப்பிடுவதும் ஒட்டுவதும்

பல்லை நகர்த்த மாட்டிக் கழற்றும் பிளாஸ்டிக் உறைதான் அலைனர்; அது பிடித்துக்கொள்ளப் பல்லின் மேல் ஒட்டும் சிறு மேடு அட்டாச்மென்ட்; அந்த மேட்டைச் செய்யும் பல்நிற ரெசின் பொருள் காம்போசிட். அட்டாச்மென்ட் கழன்று விழுந்ததும் முதல் பழி காம்போசிட்டின் மேல்தான் விழும். பல நேரங்களில் அது தவறான தீர்ப்பு. பிராக்கெட் (கம்பி மாட்டப் பல்லில் ஒட்டும் சிறு துண்டு) நிற்க 6 முதல் 8 மெகாபாஸ்கல் ஒட்டுவலிமை போதும் என்பது 1975 முதல் வழங்கிவரும் அளவுகோல். ஈரமில்லாமல் எட்ச் செய்த (அமிலத்தால் சொரசொரப்பாக்கிய) எனாமலில், புழக்கத்தில் உள்ள காம்போசிட்டுகள் பொதுவாக அதைத் தாண்டிவிடுகின்றன. ஆகவே ஒட்டுவலிமை எண்களை வைத்துக்கொண்டு பொருள் தேடுவதில் பெரிய பலன் இல்லை. டெம்ப்ளேட்டின் (அட்டாச்மென்ட்டுக்கு வடிவம் தரும் பிளாஸ்டிக் அச்சின்) குழியை மூலைவரை நிரப்புகிறதா, ஓரத்தில் எவ்வளவு ஃப்ளாஷ் (பிதுங்கி ஒட்டும் உபரி) விடுகிறது, அலைனர் தினமும் உரசும்போது விளிம்பு மழுங்காமல் இருக்கிறதா என்ற மூன்றையும் பார்த்தால் போதும்.

சாதாரண ஃப்ளோவபிளில் (ஓடும் வகைக் காம்போசிட்டில்) ஃபில்லர், அதாவது ரெசினோடு கலந்த கண்ணாடி போன்ற துகள், குறைவு. எடைக் கணக்கில் பெரும்பாலும் 50 முதல் 65%. அழுத்தாமலே குழிக்குள் ஓடி நிரம்பும், காற்றுக்குமிழி குறையும். அதே ஓட்டம்தான் தொல்லையும் தருகிறது: டெம்ப்ளேட்டுக்கும் பல்லுக்கும் நடுவே மெல்லிய படலமாகப் பரவி ஈறு ஓரம்வரை போகும். ரெசின் அதிகம் என்பதால் சுருக்கமும் தேய்மானமும் கூடும், சாயமும் சீக்கிரம் ஏறும்.

பேஸ்ட் வகை நானோஹைப்ரிட்டில் ஃபில்லர் 75 முதல் 80%. சரிவும் விளிம்பும் கூர்மையாக வரும், தேய்மானம் குறைவு. ஆனால் தன்னால் ஓடாது. துளி கூடுதலாக வைத்தாலும் டெம்ப்ளேட் முழுதாக உட்காராது. பிறகு அட்டாச்மென்ட்டின் அடியில் தடித்த மேடை உருவாகும். வார்மரில் 55 முதல் 60 டிகிரி வரை சூடாக்கினால் இது நன்கு இளகும். வெளியே எடுத்ததும் வேகமாக ஆறிவிடுவதால் இரண்டு மூன்று பல்லுக்கு மேல் ஒரே மூச்சில் நிரப்ப வேண்டாம்.

பிராக்கெட் ஒட்டும் ஆர்த்தோ பேஸ்ட்டும் ஒட்டிக்கொள்ளும். ஆனால் அது பிராக்கெட்டின் அடியில் மறைந்திருக்கவென்று செய்த பொருள். வாய்க்குள் திறந்தபடி மாதக்கணக்கில் உரசலும் சாயமும் தாங்கும் வேலைக்கு அதை முதல் தேர்வாகக் கொள்ள முடியாது.

இவற்றுக்கு நடுவில் நிற்பது ஃபில்லர் 70% அளவில் உள்ள இன்ஜெக்டபிள் வகை. நுனியிலிருந்து பிதுக்கும்போது ஓடும், வைத்த இடத்தில் நிற்கும். ஒரே பொருளை மட்டும் வாங்கி வைப்பதென்றால் இதுவே எங்கள் தேர்வு. வாயில் மொத்தமே நான்கைந்து அட்டாச்மென்ட்தான், அவையும் கூர்மையான சரிவுள்ளவை என்றால் பேஸ்ட் வகைக்குப் போகலாம்.

கம்பெனித் தாளை நம்புவதைவிட மேசையில் சோதித்துப் பார்ப்பது நல்லது. அட்டாச்மென்ட்டோடு ஒரு மாடலும் அட்டாச்மென்ட் இல்லாமல் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு மாடலும் அச்சிடுங்கள். முதல் மாடலின் மேல் ஒரே தாளில், ஒரே தடிமனில் டெம்ப்ளேட்டுகள் இழுங்கள். டெம்ப்ளேட்டை நிரப்பி, வெறும் மாடலில் உட்கார வைத்து, க்யூர் செய்து (ஒளியால் இறுக வைத்து) கழற்றுங்கள். பல்லின் முன்புறத்திலிருந்து பின்புறம்வரை காலிப்பரால் அளந்து முதல் மாடலோடு ஒப்பிடுங்கள். அளவு கூடினால் டெம்ப்ளேட் உட்காரவில்லை. குறைந்தால் குழி நிரம்பவில்லை. பிறகு முதல் அலைனரை நனைத்து 150 முறை மாட்டிக் கழற்றுங்கள். நாளுக்கு நான்கைந்து முறை கழற்றும் ஒருவருக்கு அது ஏறக்குறைய ஒரு மாதக் கணக்கு. உருப்பெருக்கியில் விளிம்பைப் பார்த்தால் பொருள்களுக்கிடையே உள்ள வேறுபாடு தெரியும்.

இனி வாயில். டெம்ப்ளேட்டை முதலில் வெறுமையாக மாட்டிப் பாருங்கள். நெருக்கடியான பற்களில் இழுபட்டால் இரண்டு மூன்று துண்டாக வெட்டிக்கொள்ளுங்கள். எண்ணெயும் ஃப்ளோரைடும் இல்லாத ப்யூமிஸால் தேய்த்துக் கழுவவும். கன்ன விலக்கி, உறிஞ்சி, பஞ்சுச் சுருள் எல்லாம் இடத்தில் இருக்கட்டும். 37% பாஸ்பாரிக் அமிலத்தை அட்டாச்மென்ட் அளவைவிடச் சற்றே பெரிதாக மட்டும் 30 விநாடி வைத்து, நன்கு கழுவி, எனாமல் சுண்ணாம்பு வெண்மையாகும்வரை உலர்த்தவும். முழுப் பல்லையும் எட்ச் செய்தால் ஃப்ளாஷும் முழுப் பல்லில் ஒட்டிக்கொள்ளும்; பலர் கவனிக்காத இடம் இது. பாண்டிங் ஏஜென்ட்டை (ஒட்டுத் திரவத்தை) மெல்லிதாகத் தடவி, காற்றடித்துப் பரப்பி, தயாரிப்பாளர் சொன்னபடி க்யூர் செய்யவும். குட்டையாகத் தேங்கினால் டெம்ப்ளேட் தூக்கிக்கொள்ளும்.

நிரப்பும்போது சிரிஞ்ச் நுனியைக் குழியின் அடியில் வைத்து, பொருளுக்குள்ளேயே வைத்தபடி பின்னோக்கி எடுங்கள். நுனி வெளியே வந்து மறுபடி உள்ளே போனால் குமிழி நிச்சயம். குழியின் விளிம்புக்கு ஒரு மயிரிழை கீழே நிறுத்தவும். பேஸ்ட் என்றால் மூலைகளில் அழுத்தி, மேலே சமப்படுத்தவும். நிரப்பிய டெம்ப்ளேட்டை விளக்கு வெளிச்சத்தில் விடாமல் மூடி வைக்கவும்.

மாட்டியபின் அட்டாச்மென்ட்டின் நேர்மேலே விரலை வைக்காதீர்கள். அங்கே அழுத்தினால் குழி நசுங்கும், பொருள் ஓரத்தில் பிதுங்கும். அதன் மேலும் கீழும், வெட்டுமுனையிலும் அழுத்திப் பிடிக்கவும். க்யூரிங் லைட்டைச் செங்குத்தாக, பிளாஸ்டிக்கைத் தொட்டபடி வைத்து ஒவ்வொன்றுக்கும் 20 விநாடி. கழற்றும்போது பின்பல்லின் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக உரித்தெடுங்கள். நேராக இழுத்தால் அட்டாச்மென்ட்டும் கூடவே வரலாம். கழற்றியபின் நேரடியாக இன்னொரு 10 விநாடி லைட் கொடுங்கள்.

ஃப்ளாஷை அப்படியே விட்டால் அலைனர் முழுதாக இறங்காது, ஈறோரம் அழுக்குத் தங்கும். உலர்த்தி, ஓரத்தை எக்ஸ்ப்ளோரரால் (கூர்முனைக் கருவியால்) வருடிப் பார்த்து, 12 விளிம்புள்ள கார்பைட் ஃபினிஷிங் பர்ரால் (சுழலும் அரைமுனையால்) மெதுவாக எடுக்கவும். அட்டாச்மென்ட்டின் சரிவைத் தொட வேண்டாம். அலைனர் விசை கொடுப்பது அந்தப் பரப்பில்தான். கடைசியில் முதல் அலைனரை மாட்டி, அட்டாச்மென்ட்டைச் சுற்றி இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள்.

கழன்றதைப் படிக்கவும் தெரிய வேண்டும். துண்டு முழுசாக வந்து எனாமல் சுத்தமாக இருந்தால் எச்சில் பட்டிருக்கிறது அல்லது எட்சிங் போதவில்லை. பாதி பல்லிலேயே நின்றால் பொருள் உடைந்திருக்கிறது: குமிழி, அல்லது உள்ளே லைட் போதாமை. டெம்ப்ளேட்டோடு வந்திருந்தால் உரித்த திசையையும் க்யூர் நேரத்தையும் சந்தேகப்படுங்கள். எட்ச் செய்தபின் எச்சில் பட்டால் துடைத்துவிட்டுத் தொடராதீர்கள். கழுவி, மீண்டும் எட்ச் செய்து, உலர்த்த வேண்டும்.

எனாமல் அல்லாத பரப்பில் நடைமுறை மாறும். பழைய காம்போசிட் அடைப்பை பர்ரால் சொரசொரப்பாக்கிப் பாண்டிங் தடவவும். சிர்கோனியா கிரவுனுக்கு 50 மைக்ரான் அலுமினாத் துகள் வீச்சும் எம்.டி.பி. (சிர்கோனியாவோடு பிணையும் ஒட்டு மூலக்கூறு) உள்ள பிரைமரும் தேவை; பாஸ்பாரிக் அமிலம் அதில் பிடிமானம் உண்டாக்காது. கண்ணாடிச் செராமிக் என்றால் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலமும் சிலேனும் (செராமிக்கையும் ரெசினையும் பிணைக்கும் திரவம்). அந்த அமிலம் ஈறைச் சுட்டுவிடும் என்பதால் ரப்பர் டேம் அல்லது ஈறுத் தடுப்பு இல்லாமல் தொடவே கூடாது.

நிறம் தேர்வதில் ஒரு சங்கடம் உண்டு. பல்லோடு முற்றிலும் கலந்த நிறம் நோயாளிக்குப் பிடிக்கும். சிகிச்சை முடிந்து அரைத்தெடுக்கும் நாளில் எங்கே காம்போசிட் முடிகிறது, எங்கே எனாமல் தொடங்குகிறது என்று தெரியாது. 400 நானோமீட்டர் அருகிலுள்ள ஊதா ஒளியில் மின்னும் காம்போசிட்டை ஆரம்பத்திலேயே தேர்ந்தெடுத்தால், எடுக்கும்போது அந்த விளக்கைப் பிடித்து மிச்சத்தைக் கண்டுபிடித்து, எனாமலைத் தொடாமல் நிறுத்தலாம்.