புதுமணத் தம்பதியின் வீட்டுக்குள் கேமரா வைப்பது எப்படி?

எம்டிவியில் 2003 ஆகஸ்ட் முதல் 2005 மார்ச் வரை ஓடிய 'நியூலிவெட்ஸ்: நிக் அண்ட் ஜெசிகா' ரியாலிட்டி தொடரில் இன்றைக்கும் பேசப்படுவது ஒரு கிண்ணம் மீன்தான். பாடகி ஜெசிகா சிம்ப்சன் டூனா சாப்பிடுகிறார். பிராண்டின் பெயர் 'சிக்கன் ஆஃப் த சீ'. 'இது கோழியா, மீனா?' என்று கணவர் நிக் லாஷேயிடம் கேட்கிறார். சிரிப்பில் பாதி அந்தக் கேள்வியில். மீதி நிக்கின் முகத்தில். இப்படித் தொடர் எடுக்க நினைப்பவர்கள் முதலில் படிக்க வேண்டிய பாடம் இதுதான். பேசுபவருக்கு ஒரு கேமரா, கேட்பவர் முகத்துக்கு இன்னொன்று. ஒரே கேமராதான் இருக்கிறதென்றால் கேட்பவர் பக்கம் திருப்புங்கள். பேச்சை மைக் பார்த்துக்கொள்ளும்.

ஆனால் மைக் தானாகப் பார்த்துக்கொள்ளாது. இந்த வகைத் தொடர்கள் கெடுவது பெரும்பாலும் ஒலியில்தான். காலர் மைக்கை மோவாய்க்கு ஒரு சாண் கீழே வையுங்கள். பட்டுப் புடவை என்றால் முந்தானை உரசி 'சரசர' என்று கேட்கும். மைக்கை ரவிக்கையின் உள்விளிம்பில், இரண்டு பக்கமும் மருத்துவ டேப் ஒட்டி, துணி நகராதபடி நிறுத்த வேண்டும். தாலிச் சங்கிலி மைக்கில் தட்டினால் அந்த வசனம் போச்சு. எடிட்டில் அதை நீக்க முடியாது. சங்கிலி விழும் இடத்தை விட்டுத் தள்ளி ஒட்டுங்கள். மைக்கின் ஒலியை அனுப்பும் டிரான்ஸ்மிட்டரின் ஆன்டெனா வியர்த்த உடம்பில் படக்கூடாது, சிக்னல் விட்டு விட்டு வரும். விலை குறைந்த வயர்லெஸ் மைக்குகள் பலவும் 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்குபவை. வீட்டு வைஃபையும் அதே அலைவரிசை என்றால் இரண்டும் மோதும்; ரூட்டரை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிவிடுங்கள். ஒலி மீட்டரில் உச்ச ஒலி மைனஸ் 12 டெசிபலைச் சுற்றி இருக்கட்டும், சண்டையில் குரல் திடீரென்று ஏறும்.

அடுத்த எதிரி ஃபிரிட்ஜ். அதன் உறுமல் ஒரு ஷாட்டில் இருந்து அடுத்ததில் இல்லாமல் போனால் வெட்டு அப்பட்டமாகத் தெரியும். அணைத்துவிடுங்கள், மறக்காமல் இருக்க உங்கள் வண்டிச் சாவியை அதற்குள் போட்டு வையுங்கள். ஒலிப்பதிவாளர்களின் பழைய தந்திரம் இது. டிவியும் பாட்டும் ஓடக்கூடாது. காப்புரிமை ஒரு பக்கம் இருக்க, பின்னணியில் பாட்டு ஓடும் பேச்சை வெட்டினால் பாட்டு குதிக்கும். ஒவ்வோர் அறையிலும் யாரும் பேசாமல் ஒரு நிமிட மௌனத்தைப் பதிவு செய்யுங்கள், இடைவெளிகளை நிரப்ப உதவும்.

படத்துக்கு நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 நொடி. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஷட்டர் 1/60 வைத்தால் பழைய டியூப்லைட்டின் கீழ் படம் மினுக்கும். கேமரா பதிவு செய்வது நொடிக்கு 100 மெகாபிட் என்றால் மணிக்கு 45 ஜிபி. இரண்டு கேமரா, ஆறு மணி நேரம்: நாளுக்கு 540 ஜிபி. இரண்டு பிரதி எடுத்தால் 1 டிபிக்கு மேல். ஒரு மாதப் படப்பிடிப்புக்கு டிஸ்க் வாங்கும் முன் இந்தக் கணக்கைப் போடுங்கள். அன்றன்றைக்கு யாராவது உட்கார்ந்து 'மணி 4:12, சமையலறை, மாமியார் போன் பற்றிய பேச்சு' என்று குறித்து வைக்காவிட்டால், நூறு மணி நேரப் பதிவில் 22 நிமிட எபிசோடைத் தேடுவது வைக்கோற்போரில் ஊசி தேடுவதுதான்.

தனிப் பேட்டியில் இருவரையும் சேர்த்து உட்கார வைக்காதீர்கள். ஒருவர் சொல்வதை மற்றவர் திருத்திக்கொண்டே இருப்பார். உங்கள் கேள்வி எடிட்டில் போய்விடும், ஆகவே பதில் முழு வாக்கியமாக வர வேண்டும். 'ஆமா, கோபம்தான்' என்பதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. 'அவர் சொல்லாம ஊருக்குப் போனது கோபம்தான்' என்பது பயன்படும். எல்லாப் பேட்டிக்கும் ஒரே உடை, ஒரே இடம் என்றால் எந்த நாளின் காட்சியோடும் ஒட்டலாம். இரண்டு வாக்கியங்களை வெட்டி மூன்றாவது ஒன்றைச் செய்யும் ஆசை எடிட்டருக்கு வரும். செய்யாதீர்கள், குரலின் ஏற்ற இறக்கம் காட்டிக்கொடுக்கும், தம்பதியின் நம்பிக்கையும் அதோடு போகும்.

இவ்வளவுக்கும் முன்னால் ஒப்பந்தம். படுக்கையறை, குளியலறை, போன் பேச்சு: எது வேண்டாம் என்பதைப் பெயர் சொல்லி எழுதுங்கள். நிறுத்தச் சொல்ல ஒரு சொல் முடிவு செய்யுங்கள். கேட்டதும் கேமரா இறங்க வேண்டும். வீட்டு வேலை செய்பவர், விருந்தாளி, பக்கத்து வீட்டார், எல்லோரிடமும் தனித்தனியாகக் கையெழுத்து வாங்குங்கள். ஒளிபரப்புக்கு முன் பார்க்கும் உரிமை வேறு, வெட்டச் சொல்லும் உரிமை வேறு. எது தரப்படுகிறது என்று தெளிவாக இருக்கட்டும்.

நிக்கும் ஜெசிகாவும் 2005 நவம்பரில் பிரிவை அறிவித்தார்கள், தொடர் முடிந்து எட்டு மாதத்தில். ஆகவே ஒப்பந்தத்தில் இன்னொரு ஷரத்தையும் சேர்க்க வேண்டும்: தம்பதி பிரிந்தால் வெளிவராத காட்சிகள் யாரிடம் இருக்கும், வந்துவிட்ட எபிசோடுகள் தொடர்ந்து ஓடுமா, வருமானத்தில் யாருக்கு எவ்வளவு. இதைக் கல்யாணக் களை மாறாத முகங்களிடம் கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கும். வக்கீலை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.