கிரிட்வியூ மெதுவாகத் திறக்கிறதா? வினவலைப் பாருங்கள்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உதிரிபாகம் விற்கும் நண்பருக்குச் சரக்கு இருப்பைக் காட்டும் இணையப் பக்கம் ஒன்று எழுதிக் கொடுத்தேன். ஏஎஸ்பி.நெட்டில் தரவை அட்டவணையாகக் காட்டும் கிரிட்வியூவில் ஒரு பக்கத்தில் தெரிவது 10 வரிசைதான். ஆனாலும் அடுத்த பக்க எண்ணைத் தொட்டால், வாடிக்கையாளரை நிற்க வைத்துக்கொண்டு அவர் திரையையே பார்த்திருக்க வேண்டியிருந்தது.

பக்கம் பிரிக்கும் அலவ்பேஜிங்கை மட்டும் இயக்கி, தரவை நினைவகத்தில் வைக்கும் டேட்டாடேபிளை இணைத்தால், தரவுத்தளத்திடம் தரவு கேட்கும் வினவல் ஒவ்வொரு முறையும் எல்லா வரிசைகளையும் அள்ளி வருகிறது. கிரிட் அதில் பத்தைக் காட்டிவிட்டு மீதியை விட்டுவிடுகிறது. வீண் சுமை!

தேவையான பத்தை மட்டும் தரவுத்தளத்திடம் கேளுங்கள். எஸ்க்யூஎல் சர்வர் தரவுத்தளத்தில் 2012 பதிப்பு முதல் ஆஃப்செட் (எத்தனை வரிசையைத் தாண்டுவது), ஃபெட்ச் (எத்தனையை எடுப்பது) இருக்கின்றன. மூன்றாம் பக்கத்துக்கு ஆஃப்செட் 20, ஃபெட்ச் 10. இதற்கு எந்த ஒழுங்கில் அடுக்குவது என்று சொல்லும் ஆர்டர் பை கட்டாயம். பொருளின் பெயரை மட்டும் அதில் கொடுக்காதீர்கள். 'பேரிங்' என்ற பெயரிலேயே பல சரக்கு இருந்தால், ஒரே சரக்கு இரண்டு பக்கங்களிலும் தலைகாட்டலாம், இன்னொன்று எங்குமே வராமல் போகலாம். பெயருக்குப் பின் பொருள் எண்ணையும் சேருங்கள்.

கிரிட்டில், பக்கப் பிரிப்பை நம்மிடமே விடும் அலவ்கஸ்டம்பேஜிங்கை ட்ரூ ஆக்கி, மொத்த வரிசை எண்ணிக்கையை விர்ச்சுவல்ஐட்டம்கவுண்ட்டில் கொடுத்தால் பக்க எண்கள் சரியாக வரும். இது ஏஎஸ்பி.நெட் 4.5 முதல் கிடைக்கிறது.

கூடவே, கிரிட்டில் தொகை 1,234,567 என்று வந்தால், தளத்தின் அமைப்புக் கோப்பான வெப்.கான்ஃபிக்கில் கல்ச்சரை (எண், தேதி எழுதும் நாட்டு முறையை) இந்தியாவுக்கு மாற்றுங்கள். 12,34,567 என்று நம் கணக்குப்பிள்ளைகள் படிக்கும் முறையிலேயே வரும்.