வெற்று டிவிடி வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருமண வீடியோவைப் பதிந்து உறவினருக்குக் கொடுக்க விரும்புவோர் பலர், வட்டு தங்கள் கணினியில் ஓடுகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, அதைப் போட்டுப் பார்க்கப்போகும் பிளேயரை மறந்துவிடுகிறார்கள். வட்டு பொருந்த வேண்டியது எழுதும் டிரைவுக்கு மட்டுமல்ல, படிக்கும் கருவிக்கும்தான்.

ஒருமுறை மட்டும் எழுதக்கூடிய வட்டுகளில் இரண்டு வகை உண்டு: டிவிடி-ஆர் 1997இலும் டிவிடி+ஆர் (பிளஸ் வட்டு) 2002இலும் வெளிவந்தன. பிற்காலத்து டிரைவ்கள் இரண்டிலும் எழுதும் என்பதால் கையில் கிடைத்ததை வாங்கிவிடுகிறோம். ஆனால் பழைய பிளேயர்களில் சில பிளஸ் வட்டை ஏற்பதில்லை. பிளேயர் எதுவென்று தெரியாதபோது டிவிடி-ஆர் வாங்குவதே பாதுகாப்பானது. (பிளஸ் வட்டை, கடையில் விற்கும் படவட்டு போன்ற டிவிடி-ரோம் என்று பிளேயருக்கு அடையாளம் காட்டும்படி எழுதும் வசதி சில டிரைவ்களில் உண்டு, அது தெரிந்தவர்களுக்கு இந்தக் கவலை குறைவு.)

அழித்து எழுதலாம் என்ற ஆசையில் ஆர்டபிள்யூ வட்டில் வீடியோவைப் பதிந்து கொடுப்பது இன்னொரு தவறு. அதன் பரப்பு ஒளியைத் திருப்பி அனுப்பும் அளவு, ஒருமுறை எழுதும் வட்டினதைவிட மிகக் குறைவு என்பதால், பழைய பிளேயரின் லேசர் அதைப் படிக்கத் திணறும். ஒத்திகைக்கு ஆர்டபிள்யூ, கொடுப்பதற்கு ஆர் என்று பிரித்துக்கொள்ளலாம்.

உறையிலுள்ள 4.7 ஜிபி என்பது ஆயிரங்களில் எண்ணிய கணக்கு. 1024களில் எண்ணும் விண்டோஸ் அதே வட்டை 4.38 ஜிபி என்றுதான் காட்டும். ஆகவே விண்டோஸ் 4.5 ஜிபி என்று காட்டும் வீடியோ அதில் அடங்காது. டிவிடி+ஆரின் கொள்ளளவு டிவிடி-ஆரைவிடச் சுமார் 7 எம்பி குறைவு என்பதும், ஒன்றை விளிம்புவரை நிரப்பத் தயாரித்த கோப்பை மற்றொன்றில் எழுத முயலும்போதுதான் தெரியவரும். 8.5 ஜிபி கொள்ளும் இரட்டை அடுக்கு வட்டை வாங்குமுன், டிரைவின் மீது டிஎல் என்ற குறி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

வேக எண்ணைப் பெருமையாகக் கருதக்கூடாது. 8 எக்ஸ் (அடிப்படை வேகத்தைப்போல் 8 மடங்கு) என்று குறித்த டிவிடி+ஆர்டபிள்யூ வட்டில், 4 எக்ஸ் வரை மட்டுமே எழுதத் தெரிந்த பழைய டிரைவ் பெரும்பாலும் எழுதாது.

உறையின் பெயரை மட்டும் நம்புவதும் சரியல்ல. ஒரே பெயரில் விற்கும் வட்டுகள் வெவ்வேறு ஆலைகளில் தயாராகலாம். உண்மையான தயாரிப்பாளரின் குறியீடு வட்டிலேயே பதிந்திருக்கும். இலவச மென்பொருள்கள் அதைப் படித்துக் காட்டும். எனவே 50 வட்டுக் கட்டை எடுத்த எடுப்பில் வாங்காமல், முதலில் இரண்டை வாங்கி எழுதி, ஃபைனலைஸ் செய்து (மற்ற பிளேயர்களும் படிக்கும்படி பதிவை முடித்துவைத்து), உறவினரின் பிளேயரிலேயே கடைசிக் காட்சிவரை ஓட்டிப் பார்க்க வேண்டும். வட்டின் வெளிவிளிம்பில் வரும் பழுது தொடக்கத்தில் தெரியாது.