மிச்ச நூல் எத்தனை மீட்டர்? தராசில் வையுங்கள்

மிஞ்சிய கம்பளி நூலின் நீளம் தெரிய உண்டையை அவிழ்த்து அளக்க வேண்டாம். டிஜிட்டல் தராசில் எடை போட்டால் போதும். லேபிளில் 100 கிராமுக்கு 220 மீட்டர் என்றிருந்தால் ஒரு கிராமுக்கு 2.2 மீட்டர், தராசு 35 காட்டினால் உங்களிடம் 77 மீட்டர் இருக்கிறது. மில் நூல் கடைசிவரை ஏறக்குறைய ஒரே தடிமனில் வருவதால்தான் இந்தக் கணக்கு ஒத்துவருகிறது. அதனால் நூல் தீர்ந்தாலும் லேபிளைத் தூக்கிப் போடாதீர்கள்.

இது அதிகம் கைகொடுப்பது பின்னி முடிக்கும் கட்டத்தில். உண்டையை மட்டும் எடை போட்டு, நாலு வரிசை பின்னி, மறுபடி எடை போடுங்கள். குறைந்ததை நாலால் வகுத்தால் ஒரு வரிசைக்கு ஆகும் நூல் தெரியும். ஒரே வரிசையை வைத்துப் பார்த்தால் சாதாரணத் தராசு ஏமாற்றிவிடும். ஓரம் முடிக்க வரிசையை விடக் கூடுதலாகவே நூல் இழுக்கும், அதற்கும் ஒதுக்குங்கள். அப்புறம், ஒரே உண்டையில் ஜோடி சாக்ஸ் என்றால் எடையைப் பார்த்தே இரண்டாகப் பிரித்துவிடலாம்.

கையால் நூற்ற நூலுக்கு இது சரிப்படாது. ஓரிடம் மெலிசு, ஓரிடம் தடிப்பு. அதற்குச் சிட்டம் போடும்போதே, அதாவது நூலை வளையமாகச் சுற்றிக் கட்டும்போதே, சுற்றுகளை எண்ணி, ஒரு சுற்றின் நீளத்தால் பெருக்கிச் சீட்டில் எழுதிக் கட்டிவிடுவதுதான் நல்லது. முடிச்சு முடிச்சாக வரும் அலங்கார நூலும் அப்படித்தான். ஈரமான கம்பளியையும் எடை போடாதீர்கள், தண்ணீரும் கணக்கில் சேர்ந்துவிடும். உள்ளே அட்டைச் சுருள் இருந்தால் அதன் எடையைக் கழித்துக்கொள்ளுங்கள்.