செயலிக்கு முன் சிக்கல்: மலையகத்தில் ஊடகத் தொழில்நுட்ப ஆய்வைத் தொடங்கும் முறை

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களைப் பற்றி இறுதியாண்டு மாணவர்கள் கொண்டுவரும் ஆய்வு முன்மொழிவுகள் பலவும் "தோட்ட மக்களுக்கு மண்சரிவு எச்சரிக்கைச் செயலி இல்லை" என்பது போன்ற ஒரு வரியோடு தொடங்குகின்றன. இது சிக்கல் அன்று. ஏற்கெனவே முடிவுசெய்துவிட்ட தீர்வின் பின்னால் "இல்லை" என்ற சொல்லை ஒட்டிவைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆகவே முதலில் அந்த வரியிலிருந்து கருவியின் பெயரை நீக்கிவிட்டு, யாருக்கு, எப்போது, எது நடக்காமல் போகிறது என்று மட்டும் எழுதுங்கள். "இரவில் மழை வலுக்கும்போது, வெளியேறச் சொல்லும் செய்தி லயங்களில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில்) இருப்பவர்களை உரிய நேரத்தில் சென்றடைவதில்லை." இதுவும் ஊகந்தான் என்றாலும், களத்தில் பொய்யென்று தெரியவரக்கூடிய ஊகம் என்பதால் ஆய்வுக்கு உதவும்.

அடுத்து, தோட்டத்துக்குப் போகும் முன் கிடைக்கும் ஆவணங்களை அந்த வரியோடு ஒப்பிட்டு வாசியுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என 3 நிலைகளில், பிரதேச செயலாளர் பிரிவு (மாவட்டத்துக்குக் கீழுள்ள நிர்வாகப் பிரிவு) வாரியாக வெளியிடுகிறது. சிவப்பு என்றால் வெளியேற வேண்டும். கொஸ்லந்தை மீரியபெத்தை லயங்கள் 2014 ஒக்டோபர் 29 அன்று மண்ணுக்குள் புதைந்தது இரவில் அல்ல, காலை வேளையில். அந்த இடம் ஆபத்தானது என்பதும் அதற்கு முன்பே சொல்லப்பட்டிருந்தது. இந்த 2 செய்திகளை வாசித்ததுமே நம் வரியிலிருந்து "இரவில்" என்ற சொல் விழுந்துவிடுகிறது; "சென்றடைவதில்லை" என்பதும் ஆட்டங்காண்கிறது.

களத்தில் யார் வழியாக நுழைகிறீர்கள் என்பதே நீங்கள் கேட்கப்போகும் பதிலைப் பாதி தீர்மானித்துவிடும். எனது முதல் ஆய்வில் ஒரு தோட்டத்து அலுவலகத் திண்ணையில் உட்கார்ந்து, கணக்கப்பிள்ளை (தொழிலாளரை மேற்பார்வை செய்பவர்) அனுப்பிவைத்தவர்களை ஒவ்வொருவராகப் பேட்டி கண்டேன். எல்லாரும் "ஒரு கொறையும் இல்லைங்க" என்றே சொன்னார்கள். 3 நாள் ஒலிப்பதிவும் வீணாயிற்று, தவறு என்னுடையது. அனுமதி அலுவலகத்தில் பெறலாம், பேச்சு அங்கே வேண்டாம். வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் காலையில் யாரும் நிற்க நேரமில்லாமல் இருப்பார்கள். கொழுந்து நிறுத்து முடிந்த பின் மடுவத்திலும் (கொழுந்து நிறுக்கும் கொட்டகை), மாலையில் பீலியடியிலும் (தண்ணீர் பிடிக்கும் இடம்) பேச்சு தானாக வரும். பெயரையும் லய எண்ணையும் குறிப்பேட்டில் எழுதாதீர்கள். கைப்பேசி யார் கையில் இருக்கிறது, வீட்டில் எந்த மூலையில் வைத்தால் சிக்னல் கிடைக்கிறது என்பவற்றைக் கேட்பதைவிடப் பார்த்து எழுதுவதே நல்லது.

"இப்படியொரு செயலி இருந்தால் பயன்படுத்துவீர்களா?" என்று ஒருபோதும் கேட்காதீர்கள், வீடு தேடி வந்த பிள்ளையின் மனம் நோகாதபடி எவரும் ஆமென்றே சொல்வார்கள். நடந்ததைக் கேளுங்கள்: "கடைசியா பெரிய மழ பேஞ்ச அன்னைக்கு என்ன நடந்திச்சி, அக்கா?" ஒருவர் எனக்குச் சொன்னது: "மெசேஜ் வந்திருந்திச்சி தம்பி. பிரிவுன்னு போட்டிருந்திச்சி. மேப்பிரிவுக்காரங்களுக்குன்னு நெனச்சி சும்மா இருந்திட்டோம். பொறகு பக்கத்து காம்பரா தங்கச்சி வந்து கதவத் தட்டுச்சி."

அரசாங்கத்துக்குப் பிரிவு என்பது பிரதேச செயலாளர் பிரிவு. தோட்டத்தில் பிறந்தவருக்கோ அது தோட்டத்தின் மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு. செய்தி வந்து சேர்ந்திருக்கிறது, எழுத்தும் தமிழ்தான், ஆனால் அது தமக்கு வந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. எந்தக் கணக்கெடுப்புப் படிவமும் இதைக் காட்டியிருக்காது, ஏனெனில் "எச்சரிக்கை கிடைத்ததா?" என்ற கேள்விக்கு அவர் "ஆம்" என்றே குறியிட்டிருப்பார். எனவே வரியை மறுபடி எழுதினோம்: "வெளியேறுமாறு வரும் எச்சரிக்கை தம் லயத்தைக் குறிக்கிறது என்று தெரியாததால், பக்கத்தில் இருப்பவர் வந்து சொல்லும்வரை குடும்பங்கள் காத்திருக்கின்றன." ஒருவர் சொன்னதை வைத்து நின்றுவிடாமல், வேறு தோட்டங்களிலும் இதே தடுமாற்றம் இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்கும்போதுதான் படிவத்துக்கு வேலை வருகிறது.

எழுதிய வரியைச் சொன்னவர்களிடமே திரும்ப வாசித்துக் காட்டுங்கள். நாங்கள் வாசித்தபோது ஒரு பெரியவர், "எங்க போறதுன்னும் சேத்து எழுதுங்க" என்றார். இதுபோன்ற சிக்கல்களுக்கு முற்றுப்பெற்ற வரையறை என்று ஒன்று கிடையாது எனத் திட்டமிடல் துறை அறிஞர்களான ஹோர்ஸ்ட் ரிட்டலும் மெல்வின் வெபரும் 1973இல் எழுதினார்கள். பெரியவர் அதையே நான்கு சொல்லில் சொல்லிவிட்டார். போக இடமில்லை என்பதன் பின்னால் இருக்கும் காணி, வீட்டுச் சிக்கல்கள் உங்கள் ஆய்வால் தீர்பவை அல்ல. அவற்றை மறைக்காமல் ஆய்வின் எல்லை என்ற தலைப்பில் எழுதிவிட்டு, ஒதுங்கும் இடத்தின் பெயரைச் செய்தியிலேயே சொல்ல முடியுமா என்பதை மட்டும் உங்கள் பங்காக எடுத்துக்கொள்ளுங்கள்.

கருவியின் அளவுகளை இப்போதுதான் பார்க்க வேண்டும். ஒரு தமிழ்க் குறுஞ்செய்தியில் 70 குறியீடுகளே அடங்கும். நம் கண்ணுக்கு 5 எழுத்தாகத் தெரியும் "மண்சரிவு" என்ற சொல், புள்ளியும் இகர, உகரக் குறிகளும் தனித்தனியே எண்ணப்படுவதால், அதில் 8 இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. லயத்தின் பெயரையும் போகவேண்டிய இடத்தையும் மிச்சமிருக்கும் 62க்குள் தாளில் எழுதி, அதே பீலியடிக்குக் கொண்டுபோய், "இது யாருக்கு வந்திருக்கு?" என்று மட்டும் கேளுங்கள்.