உங்க புத்தகத்த யாரு படிக்கிறாங்க? வாசகர்கிட்டயே கேட்டு தெரிஞ்சுக்குறது எப்படி

எத்தன காப்பி போச்சுன்னு பதிப்பகத்துல சொல்லிடுவாங்க, அமேசானோட சந்தா கட்டிப் படிக்கிற திட்டமான கிண்டில் அன்லிமிடெட்ல போட்டிருந்தா எத்தன பக்கம் படிச்சிருக்காங்கன்னு கூட வந்துடும், ஆனா படிச்சது காலேஜ் பொண்ணா ரிட்டயர்டு வாத்தியாரா, தானே வாங்குனாரா இல்ல தங்கச்சி வாங்குனத எடுத்துப் படிச்சாரான்னு யாரும் சொல்ல மாட்டாங்க. அத நாமதான் கேக்கணும். முதல் புத்தகம் போட்டவங்க கூட இத செய்யலாம், பெருசா காசு ஆகாது, ஆரம்பிக்க கூகுள் ஃபார்ம் ஒன்னு போதும்.

கேள்வி எழுதுறதுக்கு முன்னாடி, பதில் வந்தா எத மாத்தப் போறீங்கன்னு எழுதி வச்சுக்கோங்க. அடுத்த புத்தகத்துக்கு எழுத்து சைஸ் பெருசாக்கணுமா, ஆடியோவா போடணுமா, விலை எவ்ளோ, இந்த மாதிரி. எந்த முடிவுக்கும் உதவாத கேள்விய தூக்கிடுங்க. சாதி, மதம், சம்பளம் இதெல்லாம் கேக்கவே கேக்காதீங்க, கேட்ட அடுத்த நிமிஷம் ஃபார்ம மூடிட்டு போயிடுவாங்க, போறதும் நியாயம்தான்.

எட்டு கேள்விக்கு மேல வேண்டாம். என்னைக் கேட்டா முதல் கேள்வி இதுதான்: "இந்தப் புத்தகம் உங்க கைக்கு எப்படி வந்துச்சு?" கடை, புத்தகக் கண்காட்சி, ஆன்லைன், நூலகம், யாரோ படிக்கக் குடுத்தாங்க, வாட்ஸப்ல வந்த பிடிஎஃப், இப்படி ஆப்ஷன் குடுங்க. அந்த கடைசி ஆப்ஷன் கண்டிப்பா இருக்கணும், அதுக்குப் பக்கத்துல கண்டிக்கிற மாதிரி ஒரு வரியும் இருக்கக் கூடாது, ஏன்னா அது இல்லேன்னா பிடிஎஃப்ல படிச்சவரு ஒன்னு பொய் சொல்லுவாரு இல்ல பதிலே சொல்ல மாட்டாரு, ஆனா அவரும் நம்ம வாசகர்தான்.

அடுத்து, "உங்களுக்கு என்ன மாதிரி கதை பிடிக்கும்"னு கேக்காதீங்க. அப்படி கேட்டா எல்லாரும் நல்ல பேரு வாங்குற பதிலத்தான் சொல்லுவாங்க. "கடைசியா முழுசா படிச்சு முடிச்ச புத்தகம் எது, அத எப்போ எங்க உக்காந்து படிச்சீங்க"ன்னு கேளுங்க, பஸ்லயா, ராத்திரி பிள்ளைங்க தூங்குன அப்புறமா, மொபைல்லயா. அதுல தெரியும் உங்க அத்தியாயம் எவ்ளோ நீளம் இருக்கலாம்னு. அதே மாதிரி இப்ப எந்த ஊருன்னு கேக்குறதோட எந்த ஊர்ல வளந்தீங்கன்னும் கேளுங்க. நெல்லைப் பேச்சுலயோ கொங்குப் பேச்சுலயோ எழுதுறவங்களுக்கு இது ரொம்ப முக்கியம், சிங்கப்பூர்ல இருக்கற ஒருத்தர் தூத்துக்குடில வளந்தவரா இருந்தா அவருக்கு நீங்க எதையும் விளக்க வேண்டியதில்ல.

வயசுக்கு ரேஞ்ச் குடுங்க. 18க்கு கீழ இருக்கவங்க தகவல வாங்கணும்னா பெத்தவங்க சம்மதம் வேணும்னு 2023ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்லுது, அதனால அந்த வயசு டிக் பண்ணா ஃபார்ம் அங்கயே நன்றி சொல்லி முடியிற மாதிரி செக்‌ஷன் போட்டுடுங்க. பேரு, ஃபோன் நம்பர் கட்டாயம் ஆக்காதீங்க, முக்கியமா பெண்கள் நம்பர் குடுக்க தயங்குவாங்க. "ஒருத்தர் ஒரு தடவதான்"ங்கற செட்டிங்க ஆன் பண்ணா கூகுள்ல லாகின் பண்ணச் சொல்லும், அத ஆஃப்லயே வச்சிடுங்க.

இனிமே தான் கஷ்டமான வேல. 1936ல அமெரிக்காவுல லிட்டரரி டைஜஸ்ட்னு ஒரு பத்திரிகை, ஒரு கோடி பேருக்கு மாதிரி ஓட்டுச்சீட்டு அனுப்பி 20 லட்சத்துக்கு மேல பதில் வாங்கி, அந்த வருஷ அதிபர் தேர்தல்ல லேண்டன்தான் ஜெயிப்பாருன்னு சொன்னாங்க, கடைசில ரூஸ்வெல்ட் 48 மாநிலத்துல 46ஐ ஜெயிச்சாரு. அவங்க அட்ரஸ் எடுத்தது பெரும்பாலும் ஃபோனும் காரும் வச்சிருந்தவங்க லிஸ்ட்ல இருந்து, போதாததுக்கு பதில் போட ஆர்வம் இருந்தவங்க மட்டும்தான் போட்டாங்க. நீங்க ஃபேஸ்புக்ல மட்டும் லிங்க் போட்டா அதேதான் நடக்கும், உங்கள ஏற்கனவே கொண்டாடுறவங்க மட்டும் வந்து நிரப்புவாங்க.

அதனால புத்தகத்தோட கடைசிப் பக்கத்துல கியூஆர் கோடும் ஒரு வாட்ஸப் நம்பரும் போடுங்க (சொந்த நம்பர் வேண்டாம், தனி சிம் வாங்கிக்கோங்க), டைப் பண்ண வராதவங்க வாய்ஸ் மெசேஜ்ல சொல்லட்டும். பக்கத்து கிளை நூலகத்துல நூலகர்கிட்ட கேட்டு பேப்பர்ல அச்சடிச்ச ஃபார்ம் பத்து இருபது வச்சிட்டு வாங்க. ஒவ்வொரு இடத்துக்கும் ஃபார்ம தனித்தனி காப்பி எடுத்து வச்சா எந்த வழியா யாரு வந்தாங்கன்னு பிரிஞ்சு தெரியும். ஜனவரில சென்னை புத்தகக் கண்காட்சில வாங்குனவங்ககிட்ட பிப்ரவரியே கேட்டா பாதிப்பேரு பையப் பிரிச்சிருக்கவே மாட்டாங்க, ஏப்ரல் போல கேளுங்க.

அனுப்புறதுக்கு முன்னாடி வீட்ல யாரையாவது அவங்க மொபைல்லயே நிரப்பச் சொல்லி பக்கத்துல பேசாம உக்காந்து பாருங்க, எங்க கை நிக்குதோ அந்தக் கேள்விய திருத்துங்க.

பதில் வந்ததும் சதவீதம் போடாதீங்க. 60 பேர்ல 22 பேருன்னே எழுதுங்க, அப்பதான் நமக்கே அளவு தெரியும். சொந்த வார்த்தைல எழுதுனத எல்லாம் ஒன்னு விடாம படிங்க, எண்ணிக்கைய விட அதுலதான் விஷயம் இருக்கும். தெரிஞ்சுக்கிட்டத நாலு வரில நம்பர் குடுத்தவங்களுக்கு அனுப்பிட்டு, அந்த நம்பரையெல்லாம் ஷீட்ல இருந்து அழிச்சிடுங்க.