கீழ போய்ட்டு வந்தா மூணு நாள் கணக்கு வைங்க

எனக்கு முடக்கு வாதம் வந்து ஒம்பது வருஷம் ஆச்சுங்க, டாக்டருங்க ஆர்.ஏ.ன்னு சொல்வாங்க. வீடு கோத்தகிரி பக்கம், டாக்டர் கோயம்புத்தூர்ல. மூணு மாசத்துக்கு ஒருக்கா கீழ எறங்கி ரத்தம் குடுத்து ரிப்போர்ட்டுக்கு காத்திருந்து டாக்டர பாத்து மருந்து வாங்கிட்டு அன்னைக்கே மேல ஏறணும். ஒரு வழிக்கு 70 கிலோமீட்டர் கிட்டத்தான் வரும், ஆனா பகல் பூரா 400 மீட்டர் உயரத்துல வேர்த்து ஊத்திட்டு, குஞ்சப்பனை வளைவுல எல்லாம் பஸ்ல குலுங்கிட்டு, இருட்டுற நேரம் 1,800 மீட்டர்ல குளிர்ல வந்து நின்னா நல்லா இருக்கறவங்களுக்கே ஆளு அசந்துரும்.

மொத ரெண்டு வருஷம் நான் செஞ்ச தப்ப சொல்றேன். மறுநாள் காலைல ஒடம்பு நல்லாத்தான் இருக்குன்னு துணி தொவச்சு வீடு கூட்டி எல்லாம் பண்ணிருவேன், அதுக்கு அடுத்த நாள் டம்ளர தூக்க கை வராது. அலுப்பு அன்னைக்கே தெரியாதுங்க, ஒரு நாள் ரெண்டு நாள் கழிச்சுத்தான் வந்து ஒக்காரும். அதனால காலண்டர்ல போற தேதிய மட்டும் வட்டம் போடாதீங்க, பின்னாடி ரெண்டு நாளையும் சேத்து போடுங்க. அந்த ரெண்டு நாள்ல கல்யாணம், காதுகுத்து, விருந்தாளி எதுவும் கிடையாது. எங்க நாத்தனார் ஒரு வருஷம் கோவிச்சுக்கிட்டாங்க, அப்புறம் பழகிருச்சு.

ஓய்வுக்கான வேலைய கெளம்பறதுக்கு முன்னாடியே பண்ணணும். இங்க குளிருக்கு இட்லி மாவு ஒரே ராத்திரில பொங்காது, ரெண்டு நாள் முன்னாடியே ஆட்டி அடுப்பு பக்கமா கம்பளி சுத்தி வச்சிருங்க. பருப்ப வந்து வேக வச்சுக்கலாம்னு நெனைக்காதீங்க, இந்த உயரத்துல தண்ணியே 94 டிகிரி கிட்ட கொதிச்சுரும், குக்கர் இல்லாம பருப்பு வேகறதுக்குள்ள நீங்க வெந்துருவீங்க. ரசத்த மட்டும் வச்சுட்டு போனா போதும், வந்து சாதத்துல ஊத்தி கரைச்சு குடிச்சுட்டு படுத்தரலாம். படுக்கைய விரிச்சு, கம்பளி, ஸ்வெட்டர், சாக்ஸ், பிளாஸ்க், ராத்திரி மாத்திரை எல்லாம் கைக்கு எட்டற எடத்துல வச்சுட்டு கதவ பூட்டுங்க.

வீட்டுக்கு வந்ததும் மொத வேலை, ஊசி மருந்து வாங்கிட்டு வந்திருந்தா அத ஐஸ் பைல இருந்து எடுத்து பிரிட்ஜ்ல வைக்கறது. என் ஊசிக்கு 2ல இருந்து 8 டிகிரி வேணும், பிரீசர்ல வச்சு உறைஞ்சுட்டா வேஸ்ட். கோத்தகிரியே பிரிட்ஜ் மாதிரிதானே, ஜன்னல்ல வச்சா போதும்னு எங்க வீட்டுல ஒருத்தர் சொன்னாரு, ஆசைதான்.

அப்புறம் குளிக்கறேன்னு நிக்காதீங்க, காலியான வயித்தோட சுடுதண்ணில நின்னு தலை சுத்தி விழுந்தவங்கள எனக்கு தெரியும். மூஞ்சி கை கால் கழுவி, துணி மாத்தி, ஒக்காந்து கால வெதுவெதுப்பான தண்ணில பத்து நிமிஷம் வைங்க. மழை மாசத்துல மெத்தை ஈரக்காத்துல சில்லுன்னு கெடக்கும், அதுல அப்படியே படுத்தா காலைல மூட்டு பூட்டு போட்ட மாதிரி இருக்கும், சுடுதண்ணி பைய அரை மணி நேரம் முன்னாடியே போர்வைக்குள்ள வச்சிருங்க. மூட்டு விறைப்பா இருந்தா சூடு ஒத்தடம், செவந்து வீங்கி கொதிச்சா சூடு வேண்டாம், துணில சுத்துன ஐஸ். தைலம் தேச்ச எடத்துல சுடுதண்ணி பை வைக்காதீங்க, தோல் வெந்துரும்.

குளிருதுன்னு கரி அடுப்ப ரூமுக்குள்ள வச்சு கதவ சாத்தறது இங்க நெறைய வீட்டுல பாக்கறேன். அதுல வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு வாசம் கிடையாது, தூக்கத்துலயே ஆள கொண்டு போயிரும். அலுத்துப்போய் படுத்தவங்களுக்கு முழிப்பும் வராது. தயவுசெஞ்சு வேண்டாம்.

மாத்திரை விஷயம். மெத்தோட்ரெக்ஸேட்னு முடக்கு வாதத்துக்கு குடுக்கற மாத்திரை வாரத்துக்கு ஒரே நாள்தான், போட்டமா இல்லையான்னு அலுப்புல சந்தேகம் வந்தா இன்னொன்னு போட்டுக்காதீங்க, டாக்டர கேளுங்க. அது போட்ட மறுநாள் எனக்கு ஒரே கொமட்டல், அதனால பயண நாளோட மோதாம அந்த கெழமையவே அவர்கிட்ட கேட்டு மாத்திக்கிட்டேன். ஸ்டீராய்டு எடுக்கறவங்க அலுப்பா இருக்குன்னு நீங்களா நிறுத்தக்கூடாது.

மறுநாள் படுத்தே கெடக்கணும்னும் இல்ல, மணிக்கு ஒரு தடவை எந்திரிச்சு கணுக்கால ஆட்டி, வாசல் வரைக்கும் போய் வெயில் இருந்தா கொஞ்சம் நில்லுங்க. தண்ணி குடிங்க, குளிர்ல தாகம் தெரியாது (தண்ணி அளவு சொல்லி குடுத்திருக்கற இதய, கிட்னி நோயாளிங்க அந்த அளவுதான்). ஒத்தக்கால் மட்டும் வீங்கி கெண்டைக்கால் வலிச்சா அத பஸ் அலுப்புன்னு விடாதீங்க, அன்னைக்கே ஆஸ்பத்திரி போங்க. மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலிச்சாலோ விடியட்டும்னு பாக்காம 108க்கு கூப்பிடுங்க. நம்ம மாதிரி எதிர்ப்பு சக்திய கொறைக்கற மருந்து எடுக்கறவங்க, காய்ச்சல் மாதிரி இருந்தா பாராசிட்டமால் போடறதுக்கு முன்னாடி தெர்மாமீட்டர் வச்சு பாருங்க, 100.4 பாரன்ஹீட் தாண்டுனா டாக்டருக்கு போன் பண்ணுங்க.

மூணாவது நாள் காலைல நான் விரல மடக்கி பாப்பேன். விறைப்பு எப்பவும் போல அரை மணி நேரத்துல விட்டுருச்சுன்னா துணி மூட்டைய பிரிப்பேன், அதுவும் பாதிதான். விடலைன்னா இன்னும் ஒரு நாள் ரசம் சாதம்.